வயரில்லாத பால் பம்ப்: மும்பையில் ஆபீஸ் போகிற அம்மாவுக்கு உதவுமா?

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பப் போகிறவருக்கு இப்போது எல்லோரும் சிபாரிசு செய்வது பிராவுக்குள் செருகிக்கொள்ளும் வயரில்லாத பால் பம்பைத்தான். மீட்டிங்கில் இருந்தபடியே பால் எடுக்கலாம், யாருக்கும் தெரியாது, சத்தம் வராது என்கிறது விளம்பரம். ஒரே அச்சில் வார்த்த பொருளைப் பல லேபிள்காரர்கள் விலையை மட்டும் மாற்றி விற்கிறார்கள். அதனால் பிராண்டைப் பிடித்துக்கொண்டு எழுதவில்லை, இந்த வகைக் கருவி முழுவதையும் மதிப்பிட்டிருக்கிறோம். எங்களில் ஒருவர் பிரசவ வார்டு செவிலியர், தாய்ப்பால் ஆலோசனையும் தருகிறார். இன்னொருவர் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர். இருவரும் பால் கொடுத்தவர்கள். இந்தக் கருவிக்கு அந்த இரண்டு அறிவும் வேண்டியிருக்கிறது. அழுத்தம் காட்டும் கேஜைப் படிக்க மட்டும் தெரிந்தவருக்குப் பால் எப்போது இறங்கும் என்று பிடிபடாது. பால் கொடுத்த அனுபவம் மட்டும் இருப்பவருக்கு மூன்றாவது மாதம் உறிஞ்சல் ஏன் குறைந்தது என்று புரியாது, தனக்குப் பால் வற்றிவிட்டது என்று பயந்துவிடுவார்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குழந்தை பிறந்து ஆறு வாரம் தாண்டி, சுரப்பு நிலைப்பட்டு, ஆபீஸ் நேரத்தில் இரண்டு மூன்று முறை பால் எடுக்க வேண்டியவருக்கு இது நல்ல துணை. வீட்டில் ஒரு வயர் பம்போ, கையால் பீச்சும் பழக்கமோ இருக்கிறவருக்கு இரண்டாவது கருவியாகப் பொருந்தும். இது ஒன்றையே நம்பி வேலைக்குக் கிளம்புவதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். குழந்தை குறைமாதத்தில் பிறந்து என்ஐசியூவில் (பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்தால் இதன் பக்கமே போக வேண்டாம். அப்போது தேவை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் ஆஸ்பத்திரி ரக பம்ப். மும்பையில் அது மாத வாடகைக்குக் கிடைக்கிறது. புனலும் குழாயும் அடங்கிய கிட்டை மட்டும் சொந்தமாக வாங்கினால் போதும்.

பெட்டியைப் பிரித்தால் ஆறு துண்டு இருக்கும். மோட்டார் உருண்டை, டயாஃப்ரம் என்கிற வளையும் சிலிக்கான் சவ்வு, அதை வாங்கும் இணைப்பான், வாத்து மூக்கு மாதிரி ஒரு சின்ன வால்வ், பால் விழும் கப், மார்பில் பதியும் புனல். பெரும்பாலான கப்களில் 180 மி.லி. வரை பிடிக்கும். மோட்டார் டயாஃப்ரத்தை இழுக்கும்போது புனலின் கழுத்தில் வெற்றிடம் உண்டாகிறது, காம்பு உள்ளே இழுபடுகிறது. அந்த நேரம் வால்வின் உதடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மோட்டார் விட்டதும் உதடு திறந்து பால் கப்பில் விழுகிறது. அதாவது கப்பில் வெற்றிடமே கிடையாது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிப் பழுதுகளை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம், கீழே வருகிறோம்.

உறிஞ்சும் அழுத்தம் 250, 300 மி.மீ. பாதரசம் என்று பெட்டியில் எண் போட்டிருப்பார்கள். அது புனலை இறுக்க மூடி, உள்ளே ஒன்றுமில்லாமல் அளந்த எண். மார்பில் வைத்ததும் சிலிக்கான் வளையும், ஓரத்தில் காற்று நுழையும், பிரா சரியாகப் பிடிக்காது. கிடைப்பது அதைவிடக் குறைவுதான். அதற்காக எண் பெரிய பம்பைத் தேட வேண்டாம். வலிக்காத அளவில் எவ்வளவு அதிகமோ அதுதான் சரியான அளவு. ஒவ்வொரு படியாகக் கூட்டி, லேசாகச் சுளிக்க வைக்கும் இடத்திலிருந்து ஒரு படி இறக்கி வையுங்கள். வலி வந்தால் பால் இறங்குவது தடைபடும், ஒன்பதாம் லெவலில் வைத்தும் கப் காலியாக இருக்கும்.

இந்த உண்மை கருவி செய்கிறவர்களுக்குத் தானாகத் தெரிந்துவிடவில்லை. 1950-களில் சுவீடன் பொறியாளர் ஐனார் எக்னெல் ஆஸ்பத்திரிக்கான பால் பம்பை வடிவமைத்தபோது, மகப்பேறு வார்டில் மாயா கிண்ட்பெர்க் என்ற செவிலியரோடு சேர்ந்து வேலை செய்து, காம்பு புண்ணாகாமல் எவ்வளவு இழுக்கலாம் என்று பார்த்துப் பார்த்து எல்லை வைத்தார். அந்த பம்புக்கு அவர் வைத்த பெயரே ‘சிஸ்டர் மாயா’வின் பெயர்தான். இதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் வேலை மிச்சம் இருந்தது. 2014-இல் அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் பால் பம்பைத் திருத்துவதற்கென்றே ஒரு ஹேக்கத்தான், அதாவது பலர் கூடி ஒரே மூச்சில் தீர்வு தேடும் முகாம், நடந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவரான கேத்தரின் டி’இக்னாசியோ, அதே கட்டடத்துக் கழிவறைத் தரையில் உட்கார்ந்து பால் எடுத்தவர். சத்தம், கழுவ வேண்டிய துண்டுகள், சுவரோடு கட்டிப்போடும் வயர் என்று அப்போது வந்த குறைகளில் வயரை இந்தப் புது வகை நன்றாகவே தீர்த்துவிட்டது. சத்தம் பாதி தீர்ந்திருக்கிறது. அமைதியான மீட்டிங் அறையில் பக்கத்தில் இருப்பவருக்கு ‘உர்... உர்...’ கேட்கும், ஏசி ஓடும் திறந்த ஹாலில் கேட்காது. கழுவும் துண்டுகள் குறையவே இல்லை.

வாங்கியவர்கள் அதிகம் ஏமாறுவது புனல் அளவில். பெட்டியில் வருவது 24 மி.மீ., சிலவற்றில் 27 அல்லது 28-ம் கூட வரும். நிறையப் பேருக்கு அது பெரிது. பால் எடுப்பதற்கு முன்னால், காம்பின் அடிப்பக்க அகலத்தை மட்டும், கருவட்டத்தைச் சேர்க்காமல், மி.மீ. ஸ்கேலால் அளக்க வேண்டும். அதோடு 0 முதல் 3 மி.மீ. வரை கூட்டினால் வருவது உங்கள் அளவு. 16 மி.மீ. காம்புக்கு 17 அல்லது 19 போதும். 24-க்குள் செருகும் சிலிக்கான் இன்சர்ட்கள் 17, 19, 21 அளவுகளில் தனியாகக் கிடைக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டிய அவசியமில்லை, சில வாரம் கழித்து அளவு மாறவும் செய்யும். பெரிதாக இருந்தால் கருவட்டம் முழுவதும் கழுத்துக்குள் இழுபட்டு வீங்கும், பால் மெதுவாக வரும். சிறிதாக இருந்தால் காம்பு சுவரில் உரசி நுனி வெளுத்துப்போகும். பம்பை எடுத்ததும் காம்பைப் பாருங்கள். சிவந்து நீண்டிருந்தால் பரவாயில்லை. வெளுத்தோ, வளையம் போல் தடம் விழுந்தோ இருந்தால் அளவை மாற்ற வேண்டும்.

வயரில்லாத வகையில் இன்னொரு தொல்லை, காம்பு நடுவில் இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. முதலில் புனலை மட்டும் தனியாக வைத்து, குனிந்து பார்த்து, காம்பை நடுவில் நிறுத்தி, புனலின் கீழ் விளிம்பை முதலில் பதித்து மேல் விளிம்பை அழுத்துங்கள். அதன் பிறகு பிராவின் கொக்கியைப் போடலாம். பிரா பம்பைத் தாங்கினால் போதும், அமுக்கக் கூடாது. இறுக்கமாக அமுங்கினால் அந்த இடத்தில் பால் நின்று கட்டிக்கொள்ளும்.

பெரும்பாலான பம்புகளில் இரண்டு நடை உண்டு. வேகமாக, மேலோட்டமாக இழுக்கும் தூண்டல் நடை. மெதுவாக, ஆழமாக இழுக்கும் எடுக்கும் நடை. குழந்தையும் முதலில் சட்சட்டென்று சப்பி, பால் இறங்கியதும் நிதானமாக இழுத்து விழுங்கும். அந்தக் காட்சியை நூறு தடவை பார்த்தவருக்கு மேனுவல் தேவையில்லை. தூண்டலில் ஒன்றிரண்டு நிமிடம் வையுங்கள். மார்பில் சுள்ளென்று இறங்கும் உணர்வோ, கப்பில் பீச்சும் சத்தமோ வந்ததும் எடுக்கும் நடைக்கு மாற்றுங்கள். சொட்டு குறைந்ததும் நிறுத்திவிடாமல் மறுபடி தூண்டலுக்குப் போனால் இரண்டாவது தடவை இறங்கும். மொத்தம் 15 முதல் 20 நிமிடம். பம்ப் தானாகவே நடையை மாற்றிவிடும் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அது கடிகாரத்தைப் பார்த்து மாற்றுகிறது, உங்கள் பால் இறங்கியதா என்று அதற்குத் தெரியாது. கையால் மாற்ற வசதியில்லாத மாடலை வாங்காதீர்கள்.

கையை மறந்துவிடாதீர்கள். பம்பை எடுத்தபின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் கருவட்டத்துக்கு வெளியே ‘C’ வடிவமாக வைத்து, விலா எலும்பை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றை நோக்கி ஒன்று கொண்டுவந்தால் பம்ப் விட்டுவிட்ட பால் வரும். அது கெட்டியான, கொழுப்பு அதிகமான கடைசிப் பால். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் குழந்தை மருத்துவர் ஜேன் மார்ட்டன் குறைமாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம் செய்த ஆய்வு 2009-இல் வந்தது. பம்போடு கையையும் சேர்த்தவர்களுக்குச் சுரப்பு கூடியது என்று அதில் காட்டினார். அதற்கு மாயமந்திரமில்லை: மார்பு எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு வேகமாக அடுத்தது சுரக்கும். கருவியோடு அம்மாவும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்பதற்கு மும்பையிலேயே ஓர் உதாரணம் உண்டு. சயானில், அதாவது லோகமான்ய திலக் மாநகராட்சி ஆஸ்பத்திரியில், 1989-இல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். பால் வங்கியில் பாலைச் சூடேற்றிக் கிருமி நீக்குவது 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் என்ற ஆய்வுக்கூடக் கணக்கு. ஆனால் அந்தப் பால் அம்மாக்களின் உடம்பிலிருந்து வருகிறது, அவர்களின் சம்மதத்தோடு வருகிறது. டாக்டரின் படிப்பு ஒன்றால் மட்டும் அந்த வங்கி ஓடாது.

எவ்வளவு எடுக்க வேண்டும்? ஒன்று முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சராசரியாக ஒரு நாளைக்கு 750 முதல் 800 மி.லி. குடிக்கிறது. ஆளுக்கு ஆள் நிறைய வித்தியாசம் உண்டு. பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 30 முதல் 45 மி.லி. என்று கணக்கு வைத்துக்கொண்டால் தோராயமாகச் சரி வரும். செம்பூரிலிருந்து பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் போய்வரும் ஒருவர் பத்து மணி நேரம் வெளியில் இருந்தால் 300 முதல் 450 மி.லி. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தால் ஆபீஸில் மூன்று அமர்வு. ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் சேர்த்து 100 முதல் 150 மி.லி. வந்தால் கணக்கு ஒத்துப்போகிறது. இன்ஸ்டாகிராமில் ஃப்ரீசர் நிறைய அடுக்கிக் காட்டுகிறவர்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அது தேவையைவிட அதிகச் சுரப்பு, அதிலும் பால்கட்டு ஆபத்து இருக்கிறது.

சரி, லோக்கல் டிரெயினில் இதை வைத்துக்கொண்டு போகலாமா? கூடாது. குனிந்தாலும் சாய்ந்தாலும் கப்பின் மேல் வாய் வழியே பால் வழியும். காலை எட்டரைக்கு லேடீஸ் டப்பாவில் யாரும் உங்கள் மார்புக்கு இடைவெளி விட்டு நிற்கமாட்டார்கள். டாக்ஸியில் சீட் பெல்ட் உருண்டை மேல் ஏறும். செருப்பைக் குனிந்து மாட்டுவதே ஆபத்து. எழுந்து நடக்கலாம், தட்டச்சு செய்யலாம், போனில் பேசலாம், அவ்வளவுதான். 120 மி.லி.-க்கு மேல் வரும் என்று தெரிந்தால் நடுவில் ஒருமுறை கொட்டிவிடுங்கள், 180 கோட்டை நம்பாதீர்கள்.

உறிஞ்சல் குறைந்தால் எங்கே தேடுவது என்பதில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருப்பவர்களின் பழக்கம் அப்படியே பயன்படும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. முதலில் வால்வ். அதன் நுனிக் கீறல் தன்னாலேயே மூடியிருக்க வேண்டும். வெளிச்சத்தில் பார்த்தால் இடைவெளி தெரிந்தால் அது முடிந்துவிட்டது. பாட்டில் பிரஷ்ஷை உள்ளே விட்டுக் குடைவதுதான் பெரும்பாலும் இதைக் கெடுக்கிறது. விரலால் தேய்த்து ஓடும் நீரில் காட்டினால் போதும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை பயன்படுத்தினால் ஒன்று, ஒன்றரை மாதத்துக்கு ஒரு வால்வ் மாற்ற வேண்டியிருக்கும். அடுத்தது டயாஃப்ரம். அதன் விளிம்பு முழுவட்டமும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு மூலை மடங்கினாலும் காற்று கசியும். இணைப்பானில் ஒரு சொட்டு நீர் இருந்தாலும் மோட்டார் பக்கம் போய்விடும், ஈரத்தோடு மாட்டாதீர்கள். மூன்றாவது பேட்டரி. லித்தியம் பேட்டரி பழசானால், திரையில் இரண்டு கோடு காட்டும்போதே இழுவை சோர்ந்துவிடும். முழுச் சார்ஜில் ஒருமுறை உள்ளங்கையில் புனலை ஒட்டிப் பார்த்துவிட்டு, அரைச் சார்ஜில் மறுபடி பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் பால் குறைந்தால்தான் உடம்பைக் கேட்க வேண்டும்: குழந்தை இரவில் முழுக்கத் தூங்க ஆரம்பித்ததா, மாதவிடாய் திரும்பியதா, தண்ணீர் குடிக்க மறந்து மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டீர்களா.

கழுவுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் குளிர்ந்த நீர். சுடுநீர் முதலில் பட்டால் பால் புரதம் சிலிக்கானில் படிந்துவிடும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும், ஆபீஸ் சிங்கில் நேரடியாக வைக்காமல், இதற்கென்று வைத்த சின்ன டப்பில். துணியால் துடைக்காமல் காற்றில் காய விடவும். குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகவில்லை என்றாலோ, குறைமாதக் குழந்தை என்றாலோ நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கொதிக்க வைக்கவும். மோட்டார் மட்டும் நீரில் போகக் கூடாது. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடையில் கழுவாமல் கிட்டை ஃபிரிட்ஜில் வைத்துவிடும் குறுக்கு வழி எல்லா அம்மாக்கள் குழுவிலும் சுற்றுகிறது. 2016-இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்குக் குரோனோபாக்டர் என்ற ஆபத்தான பாக்டீரியாவின் தொற்று வந்ததும், கிருமி வீட்டு பம்ப் துண்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. ஆரோக்கியமான, கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்கு எப்போதாவது என்றால் சரி. சின்னக் குழந்தைக்கு வேண்டாம். இரண்டாவது செட் துண்டுகள் வாங்கிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

எடுத்த பால் 25 டிகிரி அறையில் நான்கு மணி நேரம், ஃபிரிட்ஜில் நான்கு நாள், ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். ஆனால் மும்பையின் மே மாதமும் அக்டோபரும் 25 டிகிரி அல்ல. ஏசி இல்லாத இடத்தில் அந்த நான்கு மணியை மறந்துவிட்டு உடனே குளிர்ச்சிக்குக் கொண்டுபோங்கள். ஃபிரிட்ஜ் கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கம். லேப் டெக்னீஷியன் மாதிரி ஒவ்வொரு பாட்டிலிலும் தேதியும் நேரமும் எழுதி, முதலில் எடுத்ததை முதலில் கொடுங்கள். உறைய வைப்பதானால் ஒரு பையில் 60 முதல் 120 மி.லி.; உருக்கியதை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்து மிச்சமானது இரண்டு மணி நேரம்தான். மைக்ரோவேவ் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். வீட்டுக்குக் கொண்டுவர ஐஸ் ஜெல்லோடு ஒரு டிபன் பை. உறைந்த ஜெல்லோடு 24 மணி நேரம் வரை தாங்கும். வழக்கமான கோளாறு, ஜெல்லை ஆபீஸ் ஃப்ரீசரிலேயே விட்டுவிட்டுக் கிளம்புவது. ஆபீஸ் கார்டையோ வீட்டுச் சாவியையோ ஜெல்லோடு வைத்துவிட்டால் மறக்க வழியில்லை.

பால்கட்டு வந்தால் சூட்டு ஒத்தடம், அழுத்தித் தேய்த்தல், பம்பை இன்னும் அதிகமாக ஓட்டுதல் என்பது வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். தாய்ப்பால் மருத்துவக் கழகத்தின் 2022 வழிகாட்டுதல் இதைப் பெரும்பாலும் திருப்பிப்போட்டிருக்கிறது. அழுத்தித் தேய்க்காதே, அளவுக்கு மீறி எடுக்காதே, குளிர் ஒத்தடம் கொடு, வழக்கமான நேரத்துக்குக் குழந்தைக்குக் கொடு. மாமியாரிடம் சொல்லும்போது சண்டை வேண்டாம், டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். காய்ச்சலும் சிவந்த திட்டும் சேர்ந்து வந்து ஒரு நாளில் குறையவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

ஆபீஸில் கேட்க வேண்டியதும் உண்டு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான இடைவேளைக்கு மேல் இரண்டு இடைவேளை, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம், அங்கே நாளுக்கு நான்கு முறை போய்வர அனுமதி, இவையெல்லாம் சட்டத்தில் இருக்கின்றன. வயரில்லாத பம்ப் வந்தபிறகு சில மேனேஜர்களுக்கு இது மறந்துபோகிறது, “மேஜையிலேயே எடுத்துக்கலாமே” என்கிறார்கள். கதவும் தாழ்ப்பாளும் ஒரு பிளக் பாயின்டும் உள்ள அறையில் இருபது நிமிடம் தனியாக உட்கார்ந்தால் பால் நன்றாக இறங்கும். காலண்டரில் அந்த நேரத்தைப் பிஸி என்று போட்டுவிடுங்கள், காரணம் எழுதத் தேவையில்லை.

வாங்கும்போது கடைசியாகப் பார்க்க வேண்டியது உதிரி பாகம். வால்வும் டயாஃப்ரமும் தனியாகக் கிடைக்கின்றனவா, என்ன விலை என்று முன்பே தேடிவிடுங்கள். பாகம் கிடைக்காத பம்ப் எவ்வளவு மலிவாக இருந்தாலும் இரண்டு மாதக் கருவிதான். சுகாதாரப் பொருள் என்பதால் சீல் பிரித்தபின் பெரும்பாலான கடைகள் திரும்ப வாங்குவதில்லை. எனவே புனல், வால்வ் உறைகளைக் கிழிக்காமல் மோட்டாரை மட்டும் சார்ஜ் செய்து ஓட்டிப் பாருங்கள். சத்தம் கரகரத்தாலோ, பட்டன் ஒட்டினாலோ அப்போதே திருப்பி அனுப்பிவிடலாம்.